பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இரண்டு வீடியோ

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது என் கடையில் ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடும் ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்களும் என்னைப் பார்த்து அப்படித்தான் சிரிக்கப் போகிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

தருமபுரியில் எனக்குக் கார் அலங்காரக் கடை. சீட் கவர், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஓட்டும்போது முன்னால் ரோட்டைப் படம் பிடிக்கிற டேஷ்கேம் எல்லாம் மாட்டிக் கொடுப்பேன். லட்சம் லட்சமாகப் போட்டுக் கார் வாங்குவான், அதன் முகப்பில் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துத் தொங்கவிடுவான், டேஷ்கேம் மாட்டிக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் எதற்குங்க தண்டச் செலவு என்பான். உங்கள் எலுமிச்சம்பழம் இடித்தவனின் நம்பரைப் படம் பிடிக்குமா என்று நான் கேட்பேன். அதனாலேயே பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

என் மனைவியின் தம்பி சதீஷ், கம்பைநல்லூர்க்காரன். ஹெல்மெட்டில் ஒரு ஆக்‌ஷன் கேமராவை ஒட்டிக்கொண்டு பைக்கில் வத்தல்மலைக்கு ஏறி இறங்கி, அதற்கு வணக்கம் மக்களே என்று பேச்சும் போட்டு வீடியோ விடுகிறவன். பார்க்கிற மக்கள் நாற்பது பேர் இருப்பார்கள், அதில் என் மாமியாரும் ஒருவர். மாமனார் புதுக் கார் வாங்கினார். டேஷ்கேம் நான் மாட்டித் தருகிறேன் என்றேன், இவன் குறுக்கே வந்து ஆக்‌ஷன் கேமராதான் வேண்டும் என்று நின்றான். டேஷ்கேம் படம் கஞ்சித் தண்ணி மாதிரி இருக்குமாம், எதிரில் வருகிற வண்டி நம்பர்கூடத் தெரியாதாம், இவனுடையது குழியில் இறங்கினாலும் ஆடாதாம். சாவி போட்டதும் தானாக ஓட ஆரம்பிக்குமா உன்னுடையது என்று கேட்டேன். பட்டனை அமுக்கணும் என்றான். பேட்டரி எவ்வளவு நேரம் என்றேன். ஒரு மணி நேரம் என்றான். இடிக்கப் போகிறவன் உனக்குப் போன் போட்டு, பட்டனை அமுக்கிக்கொள் தம்பி, வருகிறேன் என்று சொல்லிவிட்டா வருவான் என்றேன். மாமியார் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் என் காரிலேயே இரண்டையும் மாட்டினோம். கண்ணாடி நடுவில் என் டேஷ்கேம், அதற்குப் பக்கத்தில் அவனுடைய பொம்மை. தருமபுரியில் ஒன்றாக ஓடவிட்டு, காரிமங்கலம் போய், அங்கிருந்து கம்பைநல்லூர் ரோட்டைப் பிடித்தோம். நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். பின் சீட்டில் யாரும் இல்லை, ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் எங்கேயும் நிற்கவில்லை, டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கம்பைநல்லூரில் மாமனார் வூட்டு வாசலில் போய் நிறுத்தியபோது வெயிலில் சூடேறி அவனுடைய கேமரா தானே அணைந்துபோயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிடுவதற்கு முன்னால் இரண்டு மெமரி கார்டையும் அவனுடைய லேப்டாப்பில் போட்டோம். டேஷ்கேம் ஒரே வீடியோவாக எடுக்காது, மூன்று மூன்று நிமிடமாகத் துண்டு போட்டு வைக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கும். அதை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த சதீஷ்தான் கண்டுபிடித்தான். பதினொன்று நாற்பத்திரண்டு என்று இரண்டு துண்டு இருந்தது.

முதலாவது சாதாரணம். புளியமரம், கடலைக் காடு, ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, கார் நிற்காமல் போகிறது. இரண்டாவதில் அதே புளியமரம், அதே தொட்டி, ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பொம்பளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தோளில் ஒரு பெண்குழந்தை, தலை தொங்கிப்போய்க் கிடக்கிறது. கையில் மஞ்சள் பை. கார் வேகம் குறைந்து நிற்கிறது. அவள் பக்கவாட்டில் வந்து கேமராவை விட்டு மறைகிறாள். கண்ணாடி இறங்கும் சத்தம். புள்ளையத் தேளு கொட்டிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போவணும் என்று அழுகிற குரல். அதற்குப் பதிலாக ஒரு ஆம்பளைக் குரல், நிதானமாக, "பின்னாடி ஆளு ஒக்காந்திருக்குது, எடமில்ல. பஸ்சு வரும், அதுல வாங்க." கண்ணாடி ஏறுகிறது. கார் கிளம்பிப் போகிறது.

அந்தக் குரல் என்னுடையது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மெமரி கார்டு டூப்ளிகேட், பழைய வீடியோ ஏதோ ஒட்டிக்கொண்டது என்றேன். பழைய வீடியோ எப்படி இருக்கும், அந்தக் கார்டை அன்று காலையில்தான் நானே உறை பிரித்துப் போட்டேன். சதீஷ் தன்னுடைய கேமரா வீடியோவை ஓட்டினான். அதில் புளியமரம் வந்தது, தொட்டி வந்தது, யாருமே இல்லை, கார் நிற்கவே இல்லை. ரோட்டுக் கல்லில் எழுதியிருந்த எண்கூடத் தெளிவாகத் தெரிந்தது, அதை அப்போதுகூட என்னால் பாராட்ட முடியவில்லை.

"மாமா, அது உங்க கொரலுதானுங்க," என்றான்.

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"போய்ப் பாத்துட்டு வந்துரலாம். ஆளு இல்லன்னா நீங்க என்னை எவ்வளவு வேணா கிண்டல் பண்ணிக்கலாம்."

அவன் வாழ்நாளில் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அந்த வீடியோவில் எனக்கு உறைத்தது பேயோ மாயமோ இல்லை, பின்னாடி ஆளு ஒக்காந்திருக்குது என்ற அந்த வார்த்தைதான். ரோட்டில் கை காட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற பொய் அது. பின் கண்ணாடிகளுக்குத் திரை போட்டிருப்பேன், ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

பச்சைச் சேலை, மஞ்சள் பை, தோளில் குழந்தை. நம்பினால் நம்புங்கள். பிரேக்கை மிதித்தேன். சதீஷ் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து குதித்துவிட்டான். அவளைப் பின் சீட்டில் ஏற்றி அவனும் கூடவே உட்கார்ந்துகொண்டான். குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும், சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கடலைக் காட்டு வரப்பில் கல்லைப் புரட்டியபோது செந்தேள் கொட்டியதாம். வூட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாராம். காட்டில் வேறு யாரும் இல்லாததால் ரோட்டுக்கு ஓடி வந்தாளாம். நான் காரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சதீஷ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நான் சாவியைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். சதீஷ் வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை, கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், நான் கேட்டேன். எங்களுக்கு முன்னால் வேறு ஏதாவது கார் நின்றதா என்று.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "உங்க வண்டிதானுங்கண்ணா நின்னுச்சு. மொதல்ல எடமில்லைன்னுட்டுப் போயிட்டீங்க. நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டே நின்னன். மனசு எறங்கித் திரும்பி வந்துட்டீங்க."

நான் அந்த ரோட்டில் நிற்கவே இல்லை, அவனுடைய கேமராவும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் மன்னிச்சுக்கோம்மா என்றேன். என்ன சொல்கிறேன் என்று தெரியாமலேதான் சொன்னேன்.

"மன்னிக்கறதுக்கு என்னங்கண்ணா இருக்குது," என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "பின்னாடி இருந்தாரே கட்டம் போட்ட சட்ட, அவரு எங்கீங்க எறங்குனாரு?"

யாரும்மா என்று சதீஷ் கேட்டான்.

"பின்னாடி திரைய வெலக்கிட்டு, புள்ளைய மட்டும் எங்கிட்டக் குடும்மா, நான் கொண்டு போறன்னு கைய நீட்டுனாரு. நானும் குடுக்கத்தான் போனன். அதுக்குள்ள இந்தண்ணாதான் எடமில்லைன்னு வண்டிய எடுத்துட்டாரு."

அப்புறம் அந்த வீடியோவை நாங்கள் நான்கு தடவை பார்த்தோம், அதில் அப்படி ஒரு குரல் இல்லை. மூன்றாவது ஆள் பேசிய சத்தமே இல்லை. அவள் பொய் சொல்லவும் இல்லை, அந்த நிலைமையில் யார் பொய் சொல்வார்கள்?

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, நன்றாக இருக்கிறது. மாமனார் காரில் இரண்டு கேமராவும் இருக்கிறது, நானே மாட்டிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் காரின் உள்பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிற டேஷ்கேம் வந்துவிட்டது, பின் சீட்டு முழுக்கத் தெரியும். வாரத்துக்கு ஏழெட்டு விற்கிறேன், இதுதான் பாதுகாப்பு என்று எல்லாரிடமும் அடித்துப் பேசி மாட்டிக் கொடுக்கிறேன். உங்கள் காரில் ஏன் இல்லை என்று சில பேர் கேட்கிறார்கள். ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு வரட்டும் என்கிறேன்.