முழந்தாளிட்ட எருது

லண்டன் இல்ஃபோர்டிலுள்ள அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்கென்று நிர்வாகம் எந்தச் சின்னத்தையும் அங்கீகரித்ததில்லை. ஆயினும், அணிக்கு ஓர் எருது உண்டு. அந்த எருது உடைக்குள் இருப்பவர், விளையாட்டு மண்டபத்தைத் துப்புரவாக்கிப் பூட்டும், மன்னாரிலிருந்து வந்த எட்வேட்.

பங்குத் தேவாலயத்தின் நத்தார் நாடகத்தில், கிறிஸ்து பிறக்கும் தொழுவத்தில் நிற்கும் எருது ஆண்டுதோறும் அவரே. ஒரு மார்கழிச் சனிக்கிழமை, ஒத்திகைக்காகக் காரில் வைத்திருந்த அந்த உடையைக் குளிர் தாங்காமல் அணிந்துகொண்டு, கோல் கம்பத்தின் பின்னால் நின்று ஆட்டம் பார்த்தார். எதிரணிக்குப் பெனல்டி கிடைத்தது. மைதானம் சட்டென்று அமைதியாயிற்று. நாடகத்தில் அமைதி நிலவினால் பாலன் இயேசு பிறந்துவிட்டார், எருது முழந்தாளிட வேண்டும் என்று பொருள். பழக்கதோஷத்தால் எருது பக்தியோடு முழந்தாளிட்டது. உதைக்க வந்தவன் சிரித்துவிட்டான். பந்து வானத்தைப் பார்த்துப் போயிற்று.

அன்றிலிருந்து அவரில்லாமல் ஆட்டமில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். எட்வேட் அதை அப்படியே நம்பினார்.

இவ்வாண்டு முழங்கால் தேய்ந்துவிட்டது. இறுதியாட்டத்தன்று மனைவி டொலறஸ் கதவை மறித்தார்.

"இஞ்சருங்கோ, டொக்டர் சொன்னது காதிலை விழேல்லையோ?"

"முழந்தாளிலை நிக்க வேண்டாமெண்டுதான் சொன்னவர். எருதா நிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"பூசையிலை இருக்கிற வாங்கை விட்டு அசையிறேல்லை. பந்துக்கு மட்டும் முழந்தாளோ?"

"நான் போகாட்டிப் பெடியள் தோத்துப் போவாங்கள்."

"நீங்கள் போயும் பாதி ஆட்டம் தோத்தவங்கள்தானே."

வேறொருவர் அந்த எருதுத் தலையை மாட்டுவதை எட்வேட்டால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போனார். டொலறஸும் கூடவே போனார்.

எதிரணிக்குப் பெனல்டி வந்தது. எருது முழந்தாளிட்டது. பந்து கோலுக்குள் புகுந்தது. எருதால் எழும்ப முடியவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"தலையைக் கழட்டுங்கோ," என்றார் டொலறஸ், அருகில் வந்து.

"எல்லாரும் பாக்கினம்."

"மாட்டைத்தான் பாக்கினம். உங்களை ஆர் பாத்தது?"

கணவரைத் தூக்க இரு கைகளும் வேண்டியிருந்தன. கழற்றிய தலையைச் சேற்றில் வைக்க மனமில்லாமல், டொலறஸ் அதைத் தம் தலையிலேயே மாட்டிக்கொண்டார். புதிய எருது பழைய எருதைத் தாங்கி நடந்தபோது, தோற்றுக்கொண்டிருந்த கல்லூரி அணியின் ஆதரவாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்த பருவத்திலிருந்து எருது டொலறஸ்தான். எட்வேட், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டருகே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

"தலையை இன்னும் கொஞ்சம் பதிக்கோணும்," என்று பக்கத்தில் நிற்பவரிடம் குறைப்படுகிறார். "ஒரு மாடு இப்பிடியோ குனியிறது?"