தவளைக்கு மூடிய வீதி

சுவிஸில், வில் என்ற நகருக்கு வெளியே சதுப்புநிலத்தை ஒட்டிய வீதியை மாலையில் மூடிவிட்டார்கள். தவளைகள் முட்டையிடக் கடக்கின்றனவாம், கன்டோன் எனும் மாநில அரசின் உத்தரவாம். அக்கா மகளின் பிறந்தநாள் சாப்பாடு என் காரில் ஆறுகிறது. மண்டபம் வீதியின் அந்தப் பக்கம். தடுப்பருகே, தவளைகளை அள்ளி அந்தப் பக்கம் விடும் வாளியோடு ஒரு தமிழர் நிற்கிறார்.

"அண்ணை, தடுப்பை எடுங்கோ. சனம் பசியோட நிக்குது."

"ஏலாது தம்பி."

"உங்களுக்கு விசா தர எத்தினை வருசம் எடுத்தவங்கள்?"

"ஆறு."

"தவளைக்கு ஒரு நாளிலை றோட்டையே குடுத்திட்டாங்கள்!"

"கத்தாதையும். சுவிஸ் பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறன். இந்த ஊருக்கு என்ன செய்தனீர் எண்டு கேட்பினம், அதுக்குத்தான் இந்த வாளி."

எரிச்சலோடு சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி நடக்கிறேன். பின்னாலிருந்து அவர் அலறுகிறார்: "பாத்துக் காலை வையும்! ஒண்டு நசிஞ்சாலும் என்ரை பாஸ்போட் போச்சு!"