தயிர்ப் பொட்டும் தடை ஓட்டமும்

டி.வி.க்கு யாராவது தயிர்ப் பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன சனிக்கிழமை பார்த்தேன்.

எங்கள் கரியாஹாட் ஃப்ளாட்டில் எதிர்வீடு சுமதி – முருகேசன் தம்பதி. திருநெல்வேலிக்காரர்கள். முருகேசன் மத்திய அரசு வேலையில் மாற்றலாகி கொல்கத்தா வந்தவர். மகளுடைய கோச் இங்கே இருக்கிறார் என்பதற்காக, வந்த பிரமோஷனையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு இங்கேயே இருக்கிறார். மகள் கயல்விழி நூறு மீட்டர் தடை ஓட்டக்காரி. இந்திய அணிக்காக முதல் முறையாக வெளிநாட்டில் ஓடுகிறாள். ஆசிய அளவிலான போட்டி... சும்மாவா?

ஆனால் வீட்டில் நிம்மதியாகச் சந்தோஷப்பட முடியவில்லை. காரணம், நியூ டவுனில் ஒரு ஐ.டி. கம்பெனி. இன்ஜினீயரிங் முடித்த கையோடு கயலுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. "ஓடுனது போதும்ட்டி" என்று அம்மா. "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமே" என்று அப்பா. கடைசியில் கயலே ஒரு முடிவு சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

"ஃபைனலுக்குப் போனா ஓடுதேன். போகலன்னா கம்பெனில சேந்துருதேன். சரியாம்மா?"

சனிக்கிழமை செமி ஃபைனல். முதல் இரண்டு பேருக்குத்தான் ஃபைனலில் இடம். சுமதி வீட்டு ஹாலில் நாங்கள் நான்கு பேர். நான்காவது ஆள் கீழ்வீட்டு பௌதி. வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி. எங்கள் பில்டிங் முழுவதற்கும் அவர்தான் அண்ணி!

இந்த ஊரில் பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பினால் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து அனுப்புவார்கள். கயலின் ஸ்கூல் நாளிலிருந்தே ஒவ்வொரு போட்டிக்கும் பௌதிதான் பொட்டு வைப்பார். இந்தத் தடவை விடியற்காலை விமானம்... விட்டுப்போயிற்று. பௌதிக்கு மனசே ஆறவில்லை.

டி.வி.யில் ஓட்டக்காரிகளை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். கயலின் முகம் வந்ததுதான் தாமதம் — பௌதி தயிர்க் கிண்ணத்தோடு டி.வி.யை நோக்கிப் பாய்ந்தார். விரலை முக்கினார். நெற்றியைக் குறிபார்த்து வைத்தார். அதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது! பொட்டு, அடுத்த லேனில் நின்ற ஒரு நெட்டைப் பெண்ணின் நெற்றியில் போய் உட்கார்ந்தது.

"ஏ மா! தூஸ்ரி லட்கி கோ லக் கயா!" என்று அலறினார் பௌதி. ஆசீர்வாதம் ஆள் மாறிப் போய்விட்டதாம். துடைக்கப் போனார். துடைத்தாரா? நன்றாக இழுகிவிட்டார். அவசரத்துக்குக் கிடைத்தது கடையில் வாங்கிய மிஷ்டி தொய். சர்க்கரை போட்ட கெட்டித் தயிர், லேசில் போகுமா?

அதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று... கயல் பறந்தாள். பாதி தூரம் தாண்டியதும் ஒரு தடையில் கால் பட்டு, அது சாய்ந்தது.

"போச்சு! அவுட்டாங்க?" — சுமதி.

"தட்டுனா தப்பில்ல, சுத்திப் போனாத்தான் தப்பு. ஓடுதா பாரு... ஓடுதா பாரு!" முருகேசன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

எங்கே பார்ப்பது? முடிவுக் கோடு இருந்த இடத்தில் தயிர்! முருகேசன் போட்டிருந்த சட்டையையே கழற்றித் துடைத்தார். அதற்குள் விளம்பரம். பனியனோடு அவரும், கையைப் பிசைந்தபடி சுமதியும், கிண்ணத்தோடு பௌதியும்... அந்த சோப்பு விளம்பரத்தை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

ஒருவழியாகப் பெயர்கள் வந்தன. முதலிடம், தயிர்ப் பொட்டு வாங்கிய நெட்டைப் பெண். இரண்டாமிடம், எம். கயல்விழி, இந்தியா!

சுமதி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பௌதியோ, "தேகா? மேரா தொய்!" — பார்த்தீர்களா, என் தயிர்! — என்று முதலிடத்துக்கும் சேர்த்து உரிமை கொண்டாடினார். எனக்கும் பெருமைதான். மறைப்பானேன்?

மறுநாள் ஃபைனலில் ஆறாவது. ஆசியாவிலேயே ஆறாவது என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வாய் இனிக்கும்! தேசியப் பயிற்சி முகாமிலிருந்தும் அழைப்பு வந்து, கயல் நேராக அங்கேயே போய்விட்டாள்.

நம் வீடுகளில் இது ஒரு வேடிக்கை. பிள்ளைகளின் பாதையில் தடையைக் கொண்டுபோய் வைப்பதும் நாம்தான்... அவர்கள் தாண்டிவிட்டால் ஊரைக் கூட்டிக் கைதட்டுவதும் நாம்தான்!

நேற்று காலை சுமதி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நியூ டவுன் கம்பெனியிலிருந்து போன். மகள் எப்போது வந்து சேருவாள் என்று கேட்டார்கள். நான் சுமதியையே பார்த்தேன். அந்த வேலைக்காகக் காளிகாட் கோயிலில் வேண்டிக்கொண்டவளே அவள்தான்.

"ஸாரி சார். ஷி ஜாயின்ட் அனதர் பிளேஸ்" என்றாள்.

"விச் கம்பெனி, மேடம்?"

"இந்தியா!"

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளைக்கா... சம்பளம் எவ்வளவுன்னு அவன் கேக்கல!"