மைக் டெஸ்டிங்குக்கு நாற்பத்தொரு பேர்

மைக் செட்காரருக்கு ஐம்பது வயது. அதில் முப்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே கழிந்துவிட்டது. கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு என்று எங்கே ஸ்பீக்கர் அலறினாலும், ஓரமாக ஒரு ஸ்டூலில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பார். மேடையில் ஒருவர் புளுக ஆரம்பித்தால் ஆம்ப்ளிஃபயர் முள் சிவப்புக்கு எகிறிவிடும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வருடத்துக்கு ஒருநாள், யாரும் கூப்பிடாமலே மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு நகராட்சி மைதானத்துக்குப் போய் நிற்பார். போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள் அது. அங்கிருக்கும் தூணில் நாற்பத்தொரு பெயர்கள். இருபத்தேழாவது அவருடைய அண்ணன்.

அண்ணன் என்றதும் பெரிய வீராதி வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிற ஆள். தம்பியின் ஒரே நல்ல சட்டையைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போனான். அப்போது பத்தொன்பது வயது. ஏழே மாதத்தில் ஆணி அடித்த பெட்டியாகத் திரும்பினான். திறக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. சட்டை திரும்பி வரவே இல்லை. மேடைக்கு வருகிறவர்களோ வருடா வருடம் அவனைச் சிங்கம் என்கிறார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளையைக் கொண்டுபோய்க் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, சிங்கமாம் சிங்கம்!

அம்மாவுக்குச் சிங்கமும் வேண்டாம், புலியும் வேண்டாம். அந்தப் பெயரை ஊர் கேட்க யாராவது ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் முழங்கால் வலியோடு வந்து முதல் வரிசையில் உட்காருவாள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த வருடமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த விழா அதிகாரி, கையில் அழைப்பிதழோடு மைக் செட்காரரிடம் வந்தார்.

"மைக் செட்டு, சிறப்பு விருந்தினர் கொஞ்சம் நீளமா பேசுவார். அதனால லிஸ்ட்டக் குறைச்சிட்டோம். முதல் பத்துப் பேர வாசிச்சிட்டு, மற்றும் பலர்னு முடிச்சிடுறோம்."

"எங்க அண்ணன் இருபத்தேழாவது சார்."

"அதான் பலர்ல வந்துடுறாரே!"

அடப்பாவி! தனித் தட்டில் சாப்பிட்டவன், தனியாக மல்லுக்கு நின்றவன், தனியாகச் செத்தவன். அவன் இப்போது 'பலர்' ஆகிவிட்டானா? மைக் செட்காரருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"எல்லார் பேரையும் வாசிச்சாலும் மொத்தமே மூணு நிமிஷம்தான் சார்."

"அதெல்லாம் அச்சடிச்சாச்சுங்க. நீங்க போய் மைக் வேலை செய்யுதான்னு பாருங்க."

அதிகாரியே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மைக் செட்காரர் மேடையேறினார். முப்பது வருடமாக "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு அது வரவில்லை. தூணைப் பார்த்து முதல் பெயரை வாசித்தார். பிறகு இரண்டாவது. ஐந்தாவது பெயரில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெண் துணியைக் கீழே வைத்தாள். பத்தாவது பெயரில் அதிகாரி தலைதெறிக்க ஓடிவந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"டெஸ்டிங் சார். பத்துப் பேருக்கு நல்லாக் கேக்குது. மிச்சம் முப்பத்தொரு பேருக்கும் கேக்குதான்னு பாக்க வேணாமா?"

அதிகாரி ஒயரைப் பிடுங்கக் குனிந்தார்.

"கை வெக்காதீங்க சார், ஷாக் அடிக்கும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பெயர்கள் தொடர்ந்தன. இருபத்தேழாவது வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்தொன்றாவது பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மைக்கை அணைத்தார்.

கீழே இறங்கி வந்தால் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"எனக்கு முடிஞ்சிடுச்சுடா. அந்த ஆள் பேசுறத நீயே உக்காந்து கேளு."

இரண்டடி போனவள் திரும்பினாள்.

"எல்லார் பேரும் கணீர்னு கேட்டுச்சு. உங்க அண்ணன் பேரு மட்டும் கரகரன்னு வந்துச்சு. அந்த மெஷின கொஞ்சம் என்னன்னு பாரு."

"பாக்கறேம்மா" என்றார் மைக் செட்காரர்.