அறுபத்திரண்டு கார்டு, அறுபத்தொரு தலை

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி என்றால், வெயில் காலத்தில் வெள்ளத்துக்கு ஒத்திகை நடத்தித் திட்டு வாங்குகிறவன் என்று பொருள். இதே வேலையில் மாட்டிக்கொண்ட நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேப்பமரத்தடி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலை. வைகாசி வெயிலில் சைரன் ஊதி எல்லாரையும் மேட்டிலுள்ள வேப்பமரத்தடிக்கு ஓடவைத்தேன். வாசலிலுள்ள வருகைப்பதிவு மெஷினில் எத்தனை கார்டு தேய்த்திருக்கிறார்களோ, அத்தனை தலை மரத்தடியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அன்று கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஏகப் பெருமை. வெல்டர் கன்னியப்பன்தான் சலித்துக்கொண்டார்: "மழ வந்தா நாங்களே ஓடிடுவோம் சார். இன்னாத்துக்கு வெயில்ல காய வைக்கிறீங்க?"

லீவு

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. மேனேஜர் ஊரில் இல்லாததால் லீவுக்குக் கையெழுத்து நான்தான். கன்னியப்பனின் கூட்டாளி ஏசுதாஸ் வந்து நின்றார். பொன்னேரிப் பக்கம் ஏரியை ஒட்டி வீடு, அப்பா படுத்த படுக்கை. சரக்கு அனுப்பவேண்டிய அவசரம் எனக்கு. முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஏரி ஒடஞ்சா லீவு லெட்டர் கேட்டுக்கினு வராது சார்."

கயிறு

மறுநாள் பகலிலேயே வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. சைரன் ஊதி, மரத்தடியில் எண்ணினேன். கார்டு அறுபத்திரண்டு. தலை அறுபத்தொன்று. ஏசுதாஸ் இல்லை. இன்னொரு முறை எண்ணினேன், அதேதான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். மறுமுனை கன்னியப்பன் கையில். வெல்டிங் கூடத்தில் தண்ணீர் மார்பளவு, காலுக்கடியில் என்ன கிடக்கிறதென்று தெரியவில்லை. தாஸ், தாஸ் என்று கத்தினேன். திடீரென்று கயிறு என்னைப் பின்னுக்கு இழுத்தது. கன்னியப்பன் அழுதுகொண்டிருந்தார்.

"வந்துடுங்க சார்! அவன் காலைலயே ஊட்டுக்குப் போய்ட்டான். அவன் கார்டையும் நான்தான் சார் தேச்சேன்."

பள்ளிக்கூடம்

கன்னியப்பனை அறையலாம் என்று கை எழுந்தது. ஆனால் உள்ளே யாரும் மாட்டவில்லை என்ற நிம்மதியில் மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வடிந்தபின் ஏசுதாஸ் வந்தார். அப்பாவைத் தோளில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூடத்து மாடியில் சேர்த்திருக்கிறார், வீடு போய்விட்டது. நான் இறங்கியதைக் கன்னியப்பன் சொல்லியிருக்க வேண்டும், ஏசுதாஸ் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்: "நீங்க என்னத் தேடிக்கினு இருந்த நேரத்துல, நான் உங்களத் திட்டிக்கினே அப்பாவத் தூக்கிக்கினு போனேன் சார்."

இப்போதெல்லாம் புயல் எச்சரிக்கை வந்ததும் நான் முதலில் போடுவது ஏரிக்கரைக்காரர்களின் லீவு லெட்டரில் கையெழுத்து, சைரனைச் சோதிப்பது அதற்கப்புறம்தான்.