சாமியைக் காவலுக்கு வைத்தேன்

பெங்களூரில் எங்கள் ஈஜிபுரா வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, உங்க பொண்ணு இவ்ளோ அடக்கமா, பக்தியா இருக்காளே, எப்படி வளர்த்தீங்க? சின்ன வயசுலயே சாமி பயம் வந்துட்டா பிள்ளைங்க தப்பான வழிக்குப் போகாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எப்படி வளர்த்தேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் குடியாத்தத்திலிருந்து இங்கே வந்தோம். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். நான் கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தேன். மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு ஒரு சங்கடம் வந்தது. அவள் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், நான் வர ஆறரை ஆகும். பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வக்கில்லை, ஊரிலிருந்து வந்து இருக்கவும் நாதியில்லை. அதனால் சாமியைக் காவலுக்கு வைத்தேன். அலமாரி மேல் ஒரு பெருமாள் படம், பக்கத்தில் பிள்ளையார். "அம்மா இல்லன்னு ஆட்டம் போடாத. சாமி பாத்துக்கிட்டே இருக்கும். கேஸைத் தொட்டாலும் பொய் சொன்னாலும் கண்ணைக் குத்திடும்" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஊரில் எந்த அம்மா இதைச் சொல்லவில்லை? என் அம்மாவும் எனக்குச் சொன்னவள்தான். அதைக் காதில் வாங்கிக்கொண்டே பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்துத் தின்றவள் நான். மகளும் என்னைப் போலத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும். புரட்டாசி சனிக்கிழமை, லீவு போட்டுவிட்டுத் தளிகை செய்தேன். படைப்பதற்கு முன்னால் மூடி வைத்த தட்டில் ஒரு வடை குறைந்தது. "எடுத்தியா?" என்றேன். "இல்லம்மா" என்றாள். "சாமிக்கு வெச்சதை எச்சில் பண்ணிட்டுப் பொய்யும் சொன்னா கண்ணு போயிடும், தெரியும்ல?" என்றேன். "சத்தியமா எடுக்கலம்மா" என்றாள். உதட்டோரம் எண்ணெய் மினுமினுத்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சரி போ என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை அடுத்த மிஷின்காரியிடம் இதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு எனக்கு மறந்துபோனது.

அதன் பிறகு பிள்ளை மாறிப்போனாள். சொல்லாமலே குளித்துவிட்டு விளக்கேற்றுவாள். பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். நான் வேலை முடிந்து வரும்போது காலெல்லாம் நடுங்க உட்கார்ந்திருப்பாள். "கால் நோவுதாடி?" என்றால் இல்லை என்பாள். எனக்கோ ஒரே பூரிப்பு. நம் வளர்ப்பு வீண்போகவில்லை என்று கார்மெண்ட்ஸ் முழுக்கப் பெருமையடித்தேன். டிவி பார்க்கும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டாள். "கண்ணை எங்கடி வெச்சிருக்க?" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

கோடை லீவுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. டாக்டரம்மா அவள் வலது கண்ணை மூடிவிட்டு எழுத்து அட்டையைக் காட்டியிருக்கிறார். கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள். வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து அட்டையை மாற்றியதும் அப்படியே நின்றுவிட்டாளாம். டீச்சர் எனக்கு ஆளனுப்பினார்.

பெரிய கண்ணாஸ்பத்திரியில் பார்த்தார்கள். இடது கண்ணுக்கு உள்ளே விழித்திரை பிய்ந்து வந்துவிட்டது என்றார்கள். சில பிள்ளைகளுக்குக் காரணமே இல்லாமல் வருமாம். "மங்கலாத் தெரிய ஆரம்பிச்சதுமே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது.

டாக்டர் அப்படிக் கேட்ட அன்று, வெளியே பெஞ்சில் வைத்து அவளைக் கேட்டேன். "எப்ப இருந்துடி தெரியல?"

"வடை தின்னதுக்கு அப்புறம்."

"எந்த வடை?"

எனக்கு ஞாபகம்கூட இல்லை. அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள், தட்டு, சத்தியம், நான் சொன்ன வார்த்தை. முதலில் புகை மாதிரி தெரிந்ததாம். சாமி குத்த ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டாளாம். "உன்கிட்ட சொன்னா நான் பொய் சொன்னது தெரிஞ்சிடும்ல? அதான் சாமிகிட்டயே மன்னிப்பு கேட்டேன். தினமும் நூத்தியெட்டு போட்டேன்மா. கேக்கல." என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன். "சாமி யாரையும் குத்தாதுடி. அது பிள்ளைங்களை மிரட்டச் சொல்றது. இது வெறும் சீக்கு."

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

"ஆமா, பொய்தான்."

"அப்ப உன் கண்ணை ஏன் குத்தல?"

அதற்குத்தான் சொன்னேன், சாமி யாரையுமே குத்தாது என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "சும்மா சொல்ற, நான் அழக்கூடாதுன்னு. விடும்மா, நான் தின்னேன்தானே" என்றாள். அம்மாவைப் பொய்க்காரி ஆக்க அவளுக்கு மனசு வரவில்லை. தப்பு தன்மேல்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான், அதற்குப் பிறகு நானும் அவள் அப்பாவும் எத்தனை சொல்லியும் ஏறவில்லை. மாடி வீட்டுப் பெண் பார்த்து மயங்குகிற அடக்கம் அதுதான்.

இப்போது இருபது வயது. வேலைக்குப் போகிறாள், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறாள், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. காலையில் கோயிலுக்குப் போய் நவகிரகத்தை ஒன்பது சுற்று சுற்றுவாள். நானும் பின்னாலேயே போய்த் தூணோரம் நின்று எண்ணுவேன். இந்த நாலு நாளாக ஒன்பதில் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறாள். அவள் உடம்பில் எங்கேயோ என்னவோ செய்கிறது. என்னம்மா வலிக்குது என்று தினமும் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள்.