ரெண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரருக்கு வலது ஷூ மட்டும்தான் தேயும். இடது ஷூ வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். வலது ஷூவை மட்டும் தனியாகக் கொடுக்க முடியாதா என்று கடைக்காரரிடம் வருஷாவருஷம் தகராறு. அவரும் சளைக்காமல் ஜோடியாகவே கட்டிக் கொடுப்பார். எங்கள் அலமாரியின் அடித்தட்டில் யாருக்கும் உதவாத இடது ஷூக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் தூக்கிப்போட விடமாட்டார். "நல்லா இருக்கற பொருளை எதுக்குப் போடணும்?" என்பார். இவரோடு பைத்தியம் பிடிக்காமல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவுக்கே மாஸ்டர். வாசலில் பயிற்சிப் பள்ளி என்று பெரிய பலகை. உள்ளே ஒரு மேஜை, சுவரில் சாலைச் சின்னங்கள் வரைந்த படம். வெளியே ஒரு கார். பள்ளி அவ்வளவுதான். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர் பயந்துபோய் முழித்தால் இவர் மிதித்து நிறுத்துவார். அந்தக் காலுக்கு இது ஒன்றுதான் தெரியும். மகள் தண்ணீர் ஜாடியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கால் போகும். ஒரு தடவை பல் டாக்டர் ஊசியைக் கிட்டே கொண்டுவந்தபோது இவர் கால் போன வேகத்தில் தட்டு, கத்தி, பஞ்சு எல்லாம் தரையில். நல்லவேளை, டாக்டர் இவரிடம் கார் கற்றுக்கொண்டவர். கோபித்துக்கொள்ளவில்லை.

நானும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தான். "லைசென்ஸ் வாங்கப் போனவ மாப்பிள்ளையை வாங்கிட்டு வந்துட்டா" என்று என் அக்கா இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் இருந்தது அந்த ஒரே கார்தான். மார்க்கெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ நான் ஓட்டினால் பக்கத்தில் இவர், காலடியில் அந்த ரெண்டாவது பிரேக். "காலை எடுங்க" என்றால், "சும்மா வெச்சிருக்கேன், மிதிக்கல" என்பார். மிதிக்கவில்லையாம்! நிறுத்தலாம் என்று நான் நினைப்பதற்குள் கார் நின்றிருக்கும். இத்தனை வருஷமாக நான் ஓட்டினேனா, இவர் என்னை உட்கார வைத்து ஓட்டினாரா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை, "நான் மிதிக்கல, நீயேதான் நிறுத்தின" என்று இவர் வாயால் கேட்டுவிட வேண்டும். எனக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. இது ஒன்று இருந்தது.

போன வருஷம் இவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த டீ டம்ளரைத் தட்டிவிட்டு, "யாரு இங்க வெச்சது?" என்று என்மேல் பாய்வார். இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். ஒரு மெஷினுக்குள் தலையைக் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். இவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "ஒண்ணுகூட விடல" என்றார். டாக்டர் காட்டிய படத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"நேரா இருக்கறது நல்லாத் தெரியும். ஓரத்துல வர்றது தெரியாது. போன பார்வை திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்து விடாம போடுங்க. இனி வண்டி ஓட்டக் கூடாது."

"நான் எங்க டாக்டர் ஓட்டறேன்? ஓட்டறது கத்துக்க வர்றவங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். நேற்றுவரை சைக்கிளைத் தவிர எதையும் தொடாத பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது, ஓரம் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? யார் மேலாவது ஏறிவிட்டால்? "என் காலுக்குத் தெரியும்" என்றார். காலுக்கு என்ன தெரியும், கண்ணா இருக்கிறது அங்கே? பள்ளியை மூடவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இதற்கு நடுவில் பல் டாக்டர். தேசத்தின் அந்தக் கோடியில் இருக்கிற நகரத்துக்குக் குடிபோனவர், தன்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். லாரியில் ஏற்றினால் கீறல் விழுமாம். "மாஸ்டர், நீங்க கொண்டுவந்தா எனக்கு நிம்மதி" என்று கேட்டிருக்கிறார். கண் டாக்டரிடம் போவதற்கு முன்பே இவர் சரி என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கை மீறினால் இவருக்கு மறுநாள் விடியாது.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "வழி முழுக்க எதுவா இருந்தாலும் உனக்கு முன்னாடி நான் பார்ப்பேன். ஒண்ணே ஒண்ணு நான் பார்க்காம விட்டாலும் பள்ளி வண்டிச் சாவி உனக்கு. நான் அந்த சீட்டுல உக்காரவே மாட்டேன். விடலைன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

சரி என்றேன். மகளிடம் ஃபோனில் சொன்னதும், "அம்மா, அப்பாவுக்குக் கீழ ஒரு தலகாணி போட்டுடு, பாவம் கால்" என்றாள்.

அந்தக் காரில் ஏறுவது என்பது இல்லை, இறங்குவதுதான். தரையோடு தரையாக ஒரு பள்ளம், அதற்குள் சரிந்து விழ வேண்டும். வெளியே வர எதையாவது பிடித்துக்கொண்டு முனக வேண்டும். ரெண்டே சீட். பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு தலையணை நுழையும். மாஸ்டர் உட்கார்ந்ததும் குனிந்து தன் காலடியைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று கார்பெட். "என்ன வண்டி இது, பாதிதானே இருக்கு" என்றார்.

முதல் சிக்னலிலேயே மானம் போயிருக்கும். முன்னால் பால் லாரி நின்றுகொண்டிருந்தது. இவர் மிதித்தார். நான் கார் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வண்டிக்குள் ஏதோ வீல் வீல் என்று கத்தியது, அப்போதுதான் என் கால் போனது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

"மிதிச்சேனே!" என்றார்.

"கார்பெட்டை மிதிச்சீங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட முதலில் பிரேக் போட்டதே இல்லை என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது. பின்னால் ஹாரன் அடித்ததால் அழ நேரமில்லை.

அதற்குப் பிறகு நாற்பதிலேயே போனேன். மாட்டு வண்டி ஒன்று எங்களை முந்தப் பார்த்தது, நான்தான் விடவில்லை. இவர் வாய் ஓயாமல், "லாரி... நாய்... குழி... சைக்கிள்... பள்ளிக்கூடம்..." என்று வாசித்துக்கொண்டே வந்தார். கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பல் டாக்டரின் ஃபோனில் தெரியுமாம். மத்தியானம் கூப்பிட்டார்.

"மாஸ்டர், வண்டி ரிப்பேரா? கட்டி இழுத்துட்டுப் போறாங்களா?"

"இல்ல டாக்டர், ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் இவர்.

வேகத்தடை வந்தால் அது ஒரு தனிக் கூத்து. இவர் எடையோடு ஏறினால் வண்டியின் அடிவயிறு தட்டும். அதனால் இவர் முனகிக்கொண்டு இறங்கி, முன்னால் நின்று கையை ஆட்டி, "வா... வா... ஒடிச்சு வா... நில்லு" என்று குறுக்காக ஏற்றி இறக்குவார். கூட்டம் கூடிவிடும். செல்ஃபோனில் படம் எடுப்பார்கள். ஒருத்தர், "சினிமா ஷூட்டிங்கா சார்?" என்று கேட்டார். "வகுப்பு நடக்குது, தள்ளி நில்லுங்க" என்றார் மாஸ்டர்.

நாள் போகப் போக எனக்குக் கால் பழகியது. அவர் சொல்வதற்குள் நானே நிறுத்த ஆரம்பித்தேன். எண்பது வரைக்கும் தைரியமாகப் போனேன். ஆனால் ஒவ்வொரு தடவையும், "பார்த்தியா, நான் சொன்னதும் நிறுத்திட்ட" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சாலையோரக் கடையில் டீயை வைத்துவிட்டுச் சொன்னேன்: "மாஸ்டர், இனிமே வாயைத் திறந்தீங்கன்னா நான் இங்கயே பஸ் ஏறிடுவேன். இந்தப் பாதி வண்டியை நீங்களே தள்ளிட்டுப் போங்க." கோபம் வந்தால் எனக்கும் அவர் மாஸ்டர்தான்.

வாயை மூடிக்கொண்டார். காலை யார் மூடுவது? கார்பெட்டில் டப், டப் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். எதிரில் வந்ததில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. நான் புள்ளியாகப் பார்த்த டிராக்டருக்குக்கூட அவர் கால் முந்தியிருக்கும். கண் டாக்டர்தான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று தோன்ற ஆரம்பித்தது. பாழாய்ப்போன மனசு, பந்தயத்தில் அவரே ஜெயிக்கட்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டது. பள்ளி இல்லாமல் இந்த மனுஷன் காலையில் எழுந்து எங்கே போவார்?

கடைசி நாள் மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். சாலை துடைத்துவிட்டதுபோல் காலி. இடது பக்கம், அவர் பக்கம், மேலேயிருந்து ஒரு கிளைச் சாலை வந்து சேர்ந்தது. அங்கே ஒரு லாரியைத் தூக்கி வைத்து ரெண்டு பேர் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய சக்கரம் அவர்கள் கையை விட்டு உருண்டது. எங்கள் காரைவிட உயரம் அது. நேராக எங்கள் வழிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவர் காலுக்காகக் காத்திருந்தேன். அந்த டப் சத்தம் வரட்டும் என்று காது நின்றது. வரவில்லை. மிதித்தேன்.

கார் நின்றது. சக்கரம் எங்கள் மூக்குக்கு முன்னால் கடந்து, ஒரு துள்ளு துள்ளி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. பெல்ட் இழுத்ததில் தலை குனிந்துபோன இவர், மார்பைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஏன் நிறுத்தின? ரோடு காலியாத்தானே இருக்கு?"

நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது. நுனி நாக்கில் வந்துவிட்டது. நம்பியிருப்பார். நாளைக்கே ஒரு பிள்ளையை ஓட்ட வைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தும் இருப்பார்.

"டயர். உங்க பக்கமாத்தான் வந்துச்சு" என்றேன்.

தலையை முழுக்கத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம். லாரிக்காரர்கள் ரெண்டு பேரும் திட்டிக்கொண்டே பள்ளத்திலிருந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதை மேலே உருட்டிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, எடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கால் அசையவில்லை. லாரி வந்தது, மாடு வந்தது, சைக்கிளில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் வந்தான். ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காலை இத்தனை வருஷம் திட்டியவள் நான், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற சாக்கில் இறங்கிப் போய் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

பல் டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். காரைச் சுற்றிவந்து, குனிந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில் இடது கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். கார்பெட்டில் ஒரு இடத்தில் மட்டும் முடி உதிர்ந்து அடித்தகடு தெரிந்தது.

"மாஸ்டர், இது என்ன?"

"அது பிரேக்" என்றார் இவர்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அப்போ... நீங்க ஓட்டிட்டு வரலையா?"

"இவதான் ஓட்டினா" என்றார். பாக்கெட்டில் கையை விட்டு எதையோ தேடினார். "மலையில ஒரு சக்கரம் உருண்டு வந்துச்சு டாக்டர். நான் மிதிக்கல. இவளேதான் நிறுத்தினா."

சொல்லிக்கொண்டே பள்ளி வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சாவி. வழி முழுக்கப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் "டாக்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

ஊருக்கு வந்து, கார் கற்றுக்கொடுப்பதற்கான பரீட்சை எழுதி, இப்போது அந்த சீட்டில் நான் உட்காருகிறேன். மாஸ்டர் மேஜையில் இருந்து சாலைச் சின்னங்களைச் சொல்லிக்கொடுக்கிறார். சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள்கிறார். எங்கே போனாலும் நடந்துதான். போன மாதம் ஷூ கடைக்குப் போனோம். அவருடைய ஷூ ரெண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருப்பதைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், காலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "காலுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் இவர்.

எனக்கு வலது மட்டும் தேய்ந்திருந்தது. ஜோடியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். நான் தகராறு செய்தேன்.